பிரசவத்துக்குப் பிறகு ஏறும் ரத்த அழுத்தம்: முதல் ஆறு வாரங்களில் தெரிந்திருக்க வேண்டியவை

குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்குக் கடைசியில் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் இறங்குவதற்கு முன் ஒருமுறை ஏறுகிறது. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ரத்த அழுத்தம் உச்சத்தைத் தொடும். கர்ப்பகாலம் முழுக்க சரியாக இருந்தவர்களுக்கும் இந்த நாட்களில் ஓரளவு கூடுகிறது.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடும். அதாவது அழுத்தம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள். வார்டில் வேளை தவறாமல் கையில் பட்டை சுற்றிப் பார்த்த செவிலியர் அங்கே இல்லை. வந்துபோகிறவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். தாய்க்குத் தலைவலி என்றால் தூக்கமில்லாததால் என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் அதிகம் பேசப்போவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் பத்து நாட்களைப் பற்றி.

ஏன் ஏறுகிறது?

கர்ப்பகாலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. ரத்தக் குழாய்களுக்கு வெளியே, தசையிலும் தோலடியிலும் நிறைய நீர் கோத்திருக்கும். கால் வீங்குவது அதனால்தான். பிரசவமானதும் அந்த நீர் திரும்ப ரத்தக் குழாய்களுக்குள் வரும். சிறுநீரகம் அதைச் சில நாட்களில் வடித்து வெளியேற்றும். முதல் வாரத்தில் அடிக்கடி சிறுநீர் போவதும் இரவில் உடல் வியர்த்துக் கொட்டுவதும் இந்த வேலையின் அடையாளங்கள். நீர் குழாய்க்குள் வரும் வேகத்துக்குச் சிறுநீரகத்தால் ஈடுகொடுக்க முடியாத நாட்களில் அழுத்தம் கூடுகிறது. சிசேரியனின்போதும் முதுகில் ஊசி போட்டபோதும் நரம்பு வழியாக ஏற்றிய திரவமும் இதோடு சேர்ந்துகொள்ளும். வலி, தூக்கமின்மை, சில மருந்துகள் ஆகியவை இன்னும் கொஞ்சம் ஏற்றும்.

கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்சியா (கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றைப் பாதித்து, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய நோய்) இருந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நஞ்சுக்கொடியிலிருந்து கசியும் சில பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துவதுதான் அந்த நோயின் அடிப்படை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் நோயின் ஊற்று நின்றுவிடுகிறது. புண்பட்ட உட்சுவர் ஆறுவதற்கோ சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரக்கூடும் என்பது இதனால்தான். பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று பயந்த நிலைகளில் இதுவும் அடங்கும்.

பிரசவத்துக்குப் பின் பிரஷர் உள்ள பெண்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். கர்ப்பத்துக்கு முன்பே இருந்தவர்கள் ஒரு வகை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு வந்தவர்கள் இன்னொரு வகை. இந்த இரு வகையினரும் எப்படியும் ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பார்கள். மூன்றாவது வகையினர் எல்லா அளவுகளும் சரியாக இருந்து, வீட்டுக்கு வந்தபின் முதன்முறையாக ஏறியவர்கள். இது பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் நடக்கும், ஆறு வாரம் வரை நடக்கலாம். அதிகம் தவறவிடப்படுவதும் இவர்கள்தான். 'உனக்குத்தான் பிரஷரே இல்லையே' என்ற ஒரு வாக்கியத்தில் தலைவலி மூன்று நாள் கவனிப்பாரற்றுப் போய்விடுகிறது.

எண்கள் சொல்வது

ரத்த அழுத்தத்தை இரண்டு எண்களாகச் சொல்வார்கள். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். இரண்டில் எது எல்லையைத் தாண்டினாலும் தாண்டியதாகவே கொள்ள வேண்டும். மேல் எண் 138 என்றாலும் கீழ் எண் 96 என்றால் அது உயர் ரத்த அழுத்தம்தான்.

140/90க்குக் கீழே இருந்தால் தொடர்ந்து பார்த்து வந்தால் போதும். 140/90ஐத் தொட்டுவிட்டால் மருத்துவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். மாத்திரை தொடங்குவதா, இருக்கும் மாத்திரையைக் கூட்டுவதா என்பதை அவர் முடிவு செய்வார். 150/100க்கு மேல் என்றால் நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே பேசுங்கள். பொதுவாக இந்த அளவில் மாத்திரை தேவைப்படும். 160/110 என்பது அவசர எல்லை. மேல் எண் 160 ஆனாலும் சரி, கீழ் எண் 110 ஆனாலும் சரி, 15 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இந்த அளவு நீடித்தால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. அதனால்தான் மருத்துவமனைகளில் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து கொடுத்து இறக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் போன்றவை கூடவே இருந்தால் அந்த 15 நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் சரியாக அளப்பது

பிரஷர் இருந்த பெண்ணை டிஸ்சார்ஜ் செய்து அழைத்து வரும்போது வீட்டில் ஒரு கருவி இருப்பது நல்லது. தொட்டில் வாங்கும் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியே வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதும் விரலில் மாட்டுவதும் நம்பத்தகுந்தவை அல்ல. கர்ப்பிணிகளிடமும் பரிசோதித்துச் சான்று பெற்ற மாதிரி கிடைத்தால் அதுவே சிறந்தது. ஏனென்றால் ப்ரீ-எக்லாம்சியா உள்ளவர்களிடம் சில கருவிகள் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். முதல் பரிசோதனைக்குப் போகும்போது கருவியையும் எடுத்துக்கொண்டு போய், அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பட்டையின் அளவைப் பலர் கவனிப்பதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். கருவியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை உள்ள கைக்கானது. அதற்கு மேல் என்றால் பெரிய பட்டையைத் தனியாக வாங்க வேண்டும். பருமனான கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை கூடும், தேவையில்லாத பயமும் வரும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் உட்காருங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பட்டையை வெறும் கையில் கட்ட வேண்டும். நைட்டியின் கையைச் சுருட்டி இறுக்கி அதற்கு மேலே கட்டக்கூடாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். கை மேசையிலோ தலையணையிலோ இதயத்தின் மட்டத்தில் தாங்கி இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மேலே உள்ள கையில் அளந்தால் குறைத்துக் காட்டும். பிள்ளை பெற்றவள் கட்டிலில் படுத்திருக்க, பக்கத்தில் இருப்பவர் வந்து கட்டிவிட்டுப் போவதில் நடக்கும் தவறு இதுதான்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். பால் கொடுத்துக்கொண்டே அளக்க வேண்டாம். குழந்தை வீறிட்டு அழும்போதும் வேண்டாம். முதல் பத்து நாளைக்குக் காலை மாத்திரைக்கு முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அதன்பின் அளவு நிலைப்பட்டால் நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் என ஆறு வாரம் வரை தொடரலாம். தேதி, நேரம், இரண்டு எண்கள், நாடித்துடிப்பு, சாப்பிட்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

கருவி வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகப் பார்ப்பார்கள். குழந்தையைப் பார்க்க வரும் கிராம சுகாதார செவிலியரிடம் 'எனக்கும் பிரஷர் பாருங்கள்' என்று கேட்கலாம். கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆனபின் மூன்றாம் நாளுக்குள் ஒருமுறையும், 7 முதல் 10 நாளுக்குள் இன்னொரு முறையும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாவது வாரப் பரிசோதனை வரை காத்திருந்தால் ஆபத்துக் காலம் அதற்குள் முடிந்தே போயிருக்கும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

தலைவலிதான் முதலில் வருவது. பாராசிட்டமால் போட்டும் குறையாத, நெற்றியிலோ பின்தலையிலோ துடிப்பதுபோல் வலிக்கும் தலைவலி என்றால் உடனே பிரஷர் பாருங்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதாலும் தலைவலி வரும். அது உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும். பிரஷர் தலைவலி படுத்தாலும் விடாது. இந்த வித்தியாசம் ஒரு துப்பு மட்டுமே. இரண்டில் எதுவாக இருந்தாலும் அளந்து பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கண்முன் மின்னுவது, பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, ஒரு பக்கம் தெரியாமல் போவது இவையெல்லாம் மூளை பாதிக்கப்படுவதைக் காட்டும். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலியும் வாந்தியும் இருந்தால் கல்லீரலில் வீக்கம் இருக்கலாம். இதைத்தான் 'வாயுக்கோளாறு' என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துப் பொழுதைக் கடத்துகிறார்கள். பிரசவமான பெண்ணுக்கு மேல்வயிறு வலித்தால் முதலில் பிரஷரைப் பாருங்கள், கைவைத்தியம் அப்புறம்.

படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூங்க முடிவது, ஒரே நாளில் முகமும் கையும் வீங்குவது, எடை திடீரென்று கூடுவது ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாகவோ இதயத் தசை பலவீனமானதன் அடையாளமாகவோ இருக்கும். பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோய், கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை வரலாம். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது பக்கவாதம். குழப்பமாகப் பேசுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். அதைப் பேய் பிடித்ததாகவோ மனக்கோளாறாகவோ எடுத்துக்கொண்டு மந்திரிக்கப் போகாதீர்கள்.

வலிப்பு வந்துவிட்டால் தாயை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் துணி, கரண்டி எதையும் நுழைக்க வேண்டாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. சுற்றியுள்ள கூர்மையான பொருட்களையும் குழந்தையையும் அகற்றிவிட்டு உடனே 108ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990. வலிப்பைத் தடுக்கும் முதன்மை மருந்து மக்னீசியம் சல்ஃபேட் ஊசி. வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸைப் போட்டு அனுப்ப வாய்ப்பு உண்டு.

மருத்துவமனை அவசரப் பிரிவில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியமானது. 'தலைவலி' என்று மட்டும் சொன்னால் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடும். 'பிரசவமாகி எட்டு நாள் ஆகிறது, பிரஷர் 164/108, தலைவலி' என்று சொல்லுங்கள். அந்த 'எட்டு நாள்' என்ற சொல் மருத்துவரின் சிந்தனையையே வேறு பாதைக்குத் திருப்பிவிடும். நம் ஊரில் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதும் பிறகு கணவர் வீட்டுக்குப் போவதும் வழக்கம். பதிவுகள் ஒரு ஊரில், தாய் இன்னொரு ஊரில் என்று ஆகிவிடும். டிஸ்சார்ஜ் தாளையும் பரிசோதனை முடிவுகளையும் போனில் படம்பிடித்து இரண்டு மூன்று பேரிடம் வைத்துவிடுங்கள்.

மாத்திரைகளும் தாய்ப்பாலும்

'மாத்திரை போட்டால் பால் கெட்டுவிடும், குழந்தைக்குப் போய்விடும்' என்ற பயத்தில் மாத்திரையை நிறுத்தும் பெண்கள் நிறைய. பிரசவத்துக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் நிஃபெடிபின், லேபெட்டலால், எனலாப்ரில் ஆகிய மூன்றும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். அம்லோடிபினும் பயன்பாட்டில் உள்ளது. குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அப்போது மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் தேவை. அட்டனலால் மற்றவற்றைவிட அதிகமாகப் பாலில் கலப்பதால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

நிஃபெடிபின் நீண்ட நேரம் வேலை செய்யும் வடிவத்தில் வரும் மாத்திரை. அதை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடலில் இறங்கி, அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும். முதல் சில நாளில் முகம் சூடாவது, கணுக்கால் வீக்கம், தலைவலி ஆகிய பக்கவிளைவுகள் வரலாம். இந்தத் தலைவலியும் ஆபத்துத் தலைவலியும் ஒன்றுபோல் தோன்றும், அதனால் ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதே வழி. லேபெட்டலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வீசிங் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தலைமுடியின் அடியில் ஊறுவதுபோல் ஓர் உணர்வு அதில் வரலாம், பயப்பட வேண்டியதில்லை. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டிவரும். அடுத்த கர்ப்பத்தில் அந்த மருந்து சிசுவைப் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தடை அவசியம்.

கர்ப்பகாலத்தில் மெத்தில்டோபா சாப்பிட்டு வந்தவர்களுக்குப் பிரசவமானதும் வேறு மாத்திரைக்கு மாற்றுவது வழக்கம். மனச்சோர்வை உண்டாக்கக்கூடிய மருந்து அது, பிரசவத்துக்குப் பின் மனம் ஏற்கனவே தளர்ந்திருக்கும் காலம். யாரும் மாற்றித் தராமல் விட்டிருந்தால் நீங்களே கேளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டை டோஸ் வேண்டாம். இன்று 120/80 காட்டுகிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த எண்ணைக் கொண்டுவந்ததே மாத்திரைதான். அளவு தொடர்ந்து 130/80க்குக் கீழே இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். 110/70க்கும் கீழே போய்த் தலைசுற்றினால் அடுத்த வேளைக்கு முன்பே அவரைக் கேட்க வேண்டும். பிரஷர் குறைந்து, நாடி வேகமாகி, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் அது மாத்திரையின் வேலை அல்ல, ரத்தப்போக்கு. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரஷரை ஏற்றிவிடும் மருந்துகளும் உண்டு. சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் போன்றவை இருக்கும், அவை ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. வலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கக்கூடியவை. பலருக்குப் பெரிய மாற்றம் தெரியாது என்பதால் மருத்துவர்கள் சில நாளைக்குக் கொடுப்பது உண்டு. சிறுநீரகப் பாதிப்போ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) குறைவோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் 650 மில்லிகிராமை ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேற்படாமல் போட்டு வலியைச் சமாளிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பால் வற்றுவதற்கான புரோமோகிரிப்டின் மாத்திரையைப் பிரஷர் உள்ளவர்கள் சாப்பிடக்கூடாது. பக்கவாதமும் வலிப்பும் வந்த நிகழ்வுகளால் அமெரிக்காவில் 1990களின் நடுவிலேயே அந்தப் பயன்பாட்டுக்கான அனுமதி விலக்கப்பட்டது. ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில்எர்கோமெட்ரினும் ஆகாது. வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பிரஷர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்தியமும் பச்சை உடம்பும்

பத்தியச் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்வதில் அர்த்தமில்லை. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் சத்தானவை. பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அவற்றில் சேரும் உப்பை. நாள் முழுவதற்கும் ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமாக, போதும். கருவாடு, அப்பளம், வடகம், மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் இந்த ஐந்தும் தட்டில் வந்தால் அந்தக் கணக்கு அவற்றிலேயே முடிந்துவிடும். கருவாட்டுக்குப் பதில் புதிய மீன் வாங்கிச் சமையுங்கள். பிரசவ லேகியத்தில் சேரும் சரக்குகளைப் பாருங்கள். சில செய்முறைகளில் அதிமதுரம் சேர்க்கிறார்கள். அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றும். அதிமதுரக் கஷாயத்தையும் இந்தக் காலத்தில் விட்டுவிடலாம். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். எனலாப்ரில் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

தண்ணீரைக் குறைப்பதுதான் நம் வழக்கங்களில் மிக ஆபத்தானது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைத்துவிடும், புண் ஆறாது என்று தாகத்தோடு வைத்திருப்பார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். அதோடு உடலில் நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்துபோகலாம். அதுவும் தலைவலியாகவும் வலிப்பாகவுமே வரும். தாகம் எடுக்கும்போதெல்லாம் ஆறவைத்த தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள். வீக்கம் இருக்கிறது என்பதற்காக நீரைக் குறைத்தால் வீக்கம் வற்றாது, அதற்குக் குறைக்க வேண்டியது உப்பு.

தலைக்கு ஊற்றும் வெந்நீர் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷர் மாத்திரை ரத்தக் குழாய்களை விரிக்கிறது, கொதிக்கக் கொதிக்க ஊற்றும் நீரும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்து குளியலறையில் மயங்கி விழச் செய்யும். இளஞ்சூட்டு நீரில், முக்காலியில் உட்கார்ந்து, கூட ஒருவர் இருக்கக் குளிக்கட்டும். படுத்த படுக்கையாக இருப்பதும் நல்லதல்ல. வீட்டுக்குள்ளேயே நாளுக்கு நாலைந்து முறை நடந்தால் காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கலாம்.

தூக்கத்துக்கு மாத்திரை கிடையாது, ஆள்தான் வேண்டும். இரவில் குழந்தைக்குப் பால் கொடுத்ததும் ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது ஆகியவற்றை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் தாய்க்குத் தொடர்ந்து நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். இந்த வேலை கணவருடையது என்பது எங்கள் எண்ணம். குழந்தை பார்க்க வரும் கூட்டத்தை முதல் பத்து நாளைக்குத் தடுத்து நிறுத்துவதும் அவர் செய்யக்கூடியதே.

ஆறு வாரத்துக்குப் பிறகு

கர்ப்பத்தால் வந்த பிரஷர் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மாத்திரை இல்லாமலே சரியாகிவிடும். ஆறாவது வாரத்தில் பிரஷரோடு சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும். 'நீரில் உப்பு போகிறது' என்று சொல்வார்களே, அது ஆல்புமின் என்ற புரதம். மூன்று மாதம் கழித்தும் அது போய்க்கொண்டிருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். 12 வாரத்துக்குப் பிறகும் 140/90க்கு மேல் நின்றால் அது பிரசவத்தோடு வந்துபோகும் பிரஷர் அல்ல. ஏன் வந்தது என்று தேடி, தொடர்ந்து மருத்துவம் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகப் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும், பதிவு செய்துகொள்ளலாம்.

கருத்தடைக்கு மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் வேண்டாம். அவை பிரஷரை ஏற்றும், ரத்தம் உறையவும் செய்யும், பாலையும் குறைக்கக்கூடும். காப்பர்-டி, ஆணுறை, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை ஆகியவை பிரஷர் உள்ளவர்களுக்குத் தடையில்லாதவை. அந்தரா ஊசி, பிரஷர் 160/100ஐத் தொடுகிறவர்களுக்குப் பொதுவாக உகந்ததல்ல.

ப்ரீ-எக்லாம்சியா வந்த ஆறேழு பெண்களில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்பி வருகிறது. அதைக் குறைக்க ஒரு மலிவான மருந்து இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மில்லிகிராம், கர்ப்பத்தின் 12வது வாரத்திலிருந்து. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எனவே அடுத்த முறை நாள் தள்ளிப்போனவுடனே மருத்துவரிடம் போய்ப் பழைய பிரசவத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஐந்தாம் மாதத்தில் சொன்னால் வாய்ப்பு கடந்துவிடும்.

அடுத்த குழந்தை வேண்டாம் என்பவர்களும் இந்த வரலாற்றை மறந்துவிடக்கூடாது. ப்ரீ-எக்லாம்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஆண்டுக்கொருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நாற்பது வயதிலோ ஐம்பது வயதிலோ நெஞ்சுவலி என்று போகும்போது 'பிரசவத்தில் பிரஷர் இருந்ததா' என்று எந்த மருத்துவரும் கேட்காமல் போகலாம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள் கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.